தொழில் என்ற கட்டம்

பதினோரு வருஷமாக யார் கேட்டாலும் ‘ஆபீஸில் வேலை’ என்றுதான் சொல்லிவந்தேன். பொய் இல்லை. மூன்று மாடி ஆபீஸ். அதில் என் வேலை கழிவறைகள், படிக்கட்டு, சாப்பாட்டு அறை. யார் மிச்ச டீயை வாஷ்பேசினில் கொட்டுவார், எந்தப் பெண் கடைசிக் கழிவறையில் போய் அழுவாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவர்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. நல்ல துணி உடுத்திப் போவேன், அங்கே சீருடைக்கு மாறுவேன், கிளம்பும்போது கையில் பினாயில் வாசம் போக இரண்டு தடவை சோப்பு போடுவேன். மகளிடமும் அதற்குமேல் சொன்னதில்லை.

அவள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஆறு மாதம் வெளிநாட்டில் படிக்க அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் செலவு எங்களால் ஆகிற காரியமில்லை. கல்லூரி உதவித்தொகை கிடைத்தால் போகலாம், இல்லாவிட்டால் இல்லை. அவள் ஒரு கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு பக்கம் மட்டும் பெற்றோர் கைப்பட நிரப்ப வேண்டும். எட்டாவதோடு நின்றவள்தான் நான், ஆனால் எழுத்து குண்டுகுண்டாக இருக்கும். ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘அலுவலகப் பணி’ என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன்.

பத்தே நாளில் இரண்டு பேரையும் கல்லூரி அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அம்மாள் இரண்டு தாள்களையும் எடுத்து வைத்தார்.

“உங்க பொண்ணு கட்டுரைல, அம்மா கழிவறை சுத்தம் பண்றாங்கன்னு இருக்கு. நீங்க அலுவலகப் பணின்னு போட்டிருக்கீங்க. பரிதாபமா எழுதினா கிடைக்கும்னு நிறைய பிள்ளைங்க கதை விடுறாங்க. பொய்னா பேரை எடுத்துருவோம். எதும்மா நிஜம்?”

எங்களுக்குப் பின்னால் ஏழெட்டு மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். மகள் தரையைப் பார்த்தாள். ‘நான் எழுதியதுதான் நிஜம்’ என்று அவள் சொன்னால் முடிந்தது. அவள் சொல்லவில்லை. எனக்காகப் பொய்க்காரியாக நின்றாள்.

“அவ எழுதினதுதாங்க,” என்றேன்.

“கண்ணாடில கேக்கலம்மா, கொஞ்சம் சத்தமா.”

“கழிவறை கழுவுறேங்க.”

என் சத்தம் கூடிவிட்டது. வரிசையில் பேச்சு நின்றது.

அடித்துத் திருத்தித் தரச் சொன்னார். ‘துபுரவுப் பணி’ என்று எழுதினேன். மகள் குனிந்து, “‘ப்’ விட்டுப்போச்சும்மா,” என்றாள் காதோடு. பதினோரு வருஷம் செய்த வேலையை எழுதத் தெரியவில்லை.

படிக்கட்டில் இறங்கும்போது கேட்டேன். “உனக்கு எப்பலேருந்து தெரியும்?”

“ஆறாவது படிக்கும்போது. டிபன் டப்பாவை மறந்துட்டுப் போனியே.”

அன்று டப்பாவைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மேலே வந்தால் கால் தேய்ந்துவிடுமா என்று சாயங்காலம் நான் திட்டினேன்.

“வந்தேம்மா. நீ முட்டி போட்டுத் தேய்ச்சிட்டிருந்த. அப்படியே திரும்பிட்டேன்.”

“அப்புறம் கட்டுரைல மட்டும் ஏண்டி எழுதின?”

“நீ படிக்க மாட்டேன்னு நினைச்சேன்.”

உதவித்தொகை கிடைத்தது. அவள் போய் இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் போனில், அறைத்தோழி ‘உங்கம்மா என்ன வேலை’ என்று கேட்டதாகச் சொன்னாள்.

“நீ என்ன சொன்ன?”

“எங்கம்மாவைக் கேட்டுச் சொல்றேன்னேன்.”

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்கு முகம் சுட்டது.