நாய்ச் சீட்டு

1. டிரஸ்ஸருக்குத் தலைவலி

கிள்ளான் ஆஸ்பத்திரியில் மிட்வைஃப் வேலை பழகிவிட்டு, பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலை வெள்ளைக்காரத் துரையின் பங்களாவிலிருந்து ஆள் வந்தான். துரையம்மாவின் நாய் ஜூடி ஆறு குட்டி போட்டு அன்று மூன்றாவது நாள். குட்டிகளுக்கு நகம் எடுக்க டிரஸ்ஸர் உடனே வர வேண்டுமாம்.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டாக்டர் போல எல்லாம் பார்க்கும் எங்கள் டிரஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். மரம் விழுந்து கால் நசுங்கியவனைக்கூட முகம் சுளிக்காமல் தைத்து அனுப்புவார். அன்று வந்த ஆள் திரும்பிப் போனதும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி, எனக்குத் தலையிடிக்குது. நீர் ஒருக்காப் போய்ச் செய்துபோட்டு வாருமன்."

"என்ன சார் இது? நான் மனுசங்களுக்குப் பிரசவம் பாக்குறவ."

"அதுகளும் புதுசாப் பிறந்த பிள்ளையள்தானே!"

துருவிக் கேட்டதும் உண்மை வெளியே வந்தது. சின்ன வயதில் அவரை நாய் கடித்திருக்கிறது. "நாயெண்டால் கை நடுங்கும் எனக்கு. துரை அறிஞ்சால் கிளப்பில சொல்லிச் சிரிப்பார். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேயும்."

சொல்லமாட்டேன் என்றேன். அவர் காகிதத்தில் நாயின் காலை வரைந்து காட்டினார். முன்னங்காலின் உட்பக்கம், பாதத்துக்குச் சற்று மேலே, தரையில் படாமல் ஒரு சின்ன விரல் இருக்கும். நாய் புதருக்குள் ஓடும்போது அந்த நகம் கொடியில் மாட்டிக் கிழியும். பிறந்த நாலைந்து நாளுக்குள் எடுத்தால் எலும்பு இளசாக இருக்கும், ஒரே வெட்டு. நாள் போனால் பெரிய வேலை.

தொப்புள்கொடி வெட்டும் என் கத்தரியை நாய்க்குத் தொட மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் தன்னுடைய வளைந்த கத்தரியைக் கொடுத்தார். அதை வேகவைத்து எடுத்துக்கொண்டேன். கூடவே அயோடின், பஞ்சு, ரத்தம் நிறுத்தும் காஸ்டிக் குச்சி.

2. பங்களா வராந்தா

துரை என்னைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். எஸ்டேட்டிலேயே பழகிய தமிழ் அவருடையது. எல்லோரும் அவருக்கு 'நீ'தான்.

"டிரஸ்ஸர் எங்கே?"

"தலைவலி துரை. பொறந்த பிள்ளைங்கள நான்தான் பாக்குறது."

"சரி. நீ செய்."

குட்டி கத்துவது தாயின் காதில் விழக்கூடாது என்பதால், அங்கே நின்ற, கூலி ஆட்களை வேலை வாங்கும் கங்காணியை விட்டு ஜூடியை ஸ்டோர் பக்கம் கூட்டிப் போகச் சொன்னேன். குட்டியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே என்று பார்த்தால், துரையம்மாவே மடியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தமிழ் வராது. "பெலான், பெலான்" என்று மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தார். மெதுவாக, மெதுவாக.

முதல் குட்டி என் உள்ளங்கை நீளம். கண் திறக்கவில்லை. உடம்பெல்லாம் பால் வாசனை. அயோடின் தடவி, அந்தச் சின்ன விரலை வெளியே தள்ளிப் பிடித்து, அடியோடு ஒரே வெட்டு. விழுந்தது அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. குட்டி ஒரு தரம் கீச்சென்றது. பஞ்சால் அழுத்தி, காஸ்டிக்கால் தொட்டதும் ரத்தம் நின்றது. மறு காலும் அப்படியே. ஐந்து குட்டி வரைக்கும் தடையே இல்லை. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது.

ஆறாவதுதான் எல்லாவற்றிலும் சின்னது. இரண்டாவது காலில் கத்தரி ஒரு நூல் ஆழமாக இறங்கிவிட்டது. பஞ்சு நனைந்தது. காஸ்டிக் வைத்தால் ரத்தமே அதைக் கழுவிக்கொண்டு போனது. துரையம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று.

"செத்துப் போகுமா?" என்று துரை மேலே குனிந்தார்.

"சாகாது. கொஞ்சம் சும்மா இருங்க துரை!"

துரையைப் பார்த்து அப்படிச் சொன்னது நான்தானா என்று பிறகுதான் திகைத்தேன். காயத்துக்கு மேலே காலை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மனதுக்குள் முந்நூறு வரை எண்ணினேன். மெல்ல விரலைத் தளர்த்திப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மறுபடி காஸ்டிக் வைத்தேன், நின்றுவிட்டது.

ஜூடியைக் கொண்டுவந்து விட்டதும் ஒவ்வொன்றாக மோந்து நக்கியது. சின்னக் குட்டி முட்டி மோதித் தாயின் காம்பைப் பிடித்துவிட்டது. துரையம்மா சிரித்தார், அழுதார், என் கையைப் பிடித்துக்கொண்டு "தெரிமா காசி" என்று நன்றி சொன்னார்.

"இனி நான் என்ன செய்யணும்?" என்று துரை கேட்டார்.

"ஒரு மாசம் ஜூடிய வேட்டைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க துரை. தாய் சோர்ந்தா பால் வத்தும். பால் வத்துனா குட்டி தங்காது."

"ஒரு மாசம். சரி. கங்காணி, நீ கேட்டது? ஒரு மாசம் ஜூடிக்கு வேலை இல்லை."

"உத்தரவு துரை," என்றார் கங்காணி.

3. பெரட்டு

நகம் எடுத்த அதே நாள் சாயங்காலம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பொன்னிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ரத்தம் நிறையப் போய்விட்டது. அந்த எஸ்டேட்டில் பிள்ளை பெற்றவள் பதினைந்தாம் நாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போக வேண்டும். பதினாலாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது, பொன்னி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தை பாலுக்கு அழுதது. "நாளைக்கு வந்துரு" என்று கங்காணி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நேரே டிரஸ்ஸரிடம் போனேன். "சார், பொன்னிக்கு ஒரு மாசம் ரெஸ்ட்னு சீட்டு எழுதுங்க."

"துரை கேப்பாரே, தங்கச்சி."

"கேட்டா என்னைக் காட்டுங்க."

பேனாவை எடுத்தார். "நீர் என்ர மானத்தைக் காப்பாத்தினனீர்" என்று முனகிக்கொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பெரட்டில் கங்காணி வாங்கிக்கொண்டு போய்க் காட்ட, பத்து மணிக்கு அந்தச் சீட்டோடு துரையே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். "ஒரு மாசம்! யார் சொன்னது?"

டிரஸ்ஸர் என்னைப் பார்த்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"நான்தான் சொன்னேன் துரை. தாய் சோர்ந்தா பால் வத்தும், பால் வத்துனா பிள்ள தங்காது. ஜூடிக்குச் சொன்னப்ப துரையும் சரின்னு சொன்னீங்க."

துரையின் கழுத்திலிருந்து காது வரை சிவந்தது. சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வந்தது. "நீ ரொம்ப மோசமான பொம்பளை" என்று சொல்லிக்கொண்டே டிரஸ்ஸரின் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்து பிள்ளை பெற்றவளுக்கு நான் கேட்காமலே டிரஸ்ஸர் ஒரு மாதம் எழுதினார். கங்காணி எரிச்சலில் அதற்கு 'நாய்ச் சீட்டு' என்று பெயர் வைத்தார். லயத்துப் பெண்கள் அந்தப் பெயரைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்கள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "அக்கா, எனக்கும் ஒரு நாய்ச் சீட்டு சொல்லி வைங்க" என்று உரக்கக் கேட்பார்கள். அந்தத் துரை இருந்தவரை அது நின்றுபோகவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பெரியவர்களிடம் எதைக் கேட்டாலும் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறுமனே 'ஒரு மாசம்' என்று மட்டும் அன்று சொல்லியிருந்தால், அது ஜூடியோடு போயிருக்கும். காரணத்தைச் சொல்லி அதற்கு அவர் சரி என்றதால்தான் பொன்னிக்காக என்னால் வாய் திறக்க முடிந்தது.