சிவப்புக் குழாய்த் தண்ணீர்

சிராங்கூன் சாலைச் சந்து ஒன்றில் இருக்கும் அந்த டயாலிசிஸ் மையத்தில், கழிவறைக்குள் கால் வைக்க ஆளில்லை. பதினாறு நோயாளிகளும் எதிரே இருக்கும் காப்பிக் கடைக் கழிவறைக்கு நடந்தார்கள். புதன்கிழமை காலை மேலாளர் வினுஷா கறாராகச் சொல்லிவிட்டார்: வெள்ளிக்குள் நிலைமை மாறாவிட்டால் கழிவறைக்குத் தண்ணீர் தரும் நசீரின் தொட்டியைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

நசீருக்கு நாற்பத்தெட்டு வயது. மையத்தின் தண்ணீர் அறை அவர் பொறுப்பு. அதற்குமுன் பன்னிரண்டு வருடம், கப்பலில் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தோடு காலம் தள்ளியவர். மிஞ்சும் உப்புநீரைக் கடலிலேயே கொட்டுவார்கள், அப்போது உறுத்தவில்லை. கரைக்கு வந்த பிறகு உறுத்தியது. டயாலிசிஸுக்கு மிகச் சுத்தமான தண்ணீர் வேண்டும். குழாய்த் தண்ணீரை வடிகட்டிக்குள் அழுத்தினால் நல்லது ஒரு பக்கம் போகும். பிரிந்த உப்பைச் சுமந்த மிச்சம் மறுபக்கம் போகும். அந்த மிச்சம் மட்டும் நாளுக்கு நாலாயிரம் லிட்டர், நேரே சாக்கடைக்கு. எட்டு மாதம் அலைந்து அனுமதி வாங்கி, தொட்டி வைத்து, அதைக் கழிவறைக்குத் திருப்பினார். தெரியாமல் யாரும் குடித்துவிடக் கூடாதே என்று, குழாய் முழுக்கச் சிவப்புப் பெயின்ட் அடித்தார். கப்பல் பழக்கம்: சிவப்பென்றால் தொடாதே.

ஏன் இந்தப் புறக்கணிப்பு? நேராகவே கேட்டுவிடுவோம் என்று நோயாளிகளில் ஒருவரான இராஜரத்தினத்திடம் போனார். துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்; அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள்.

"அங்கிள், நீங்களுமா காப்பிக் கடைக்குப் போறீங்க?"

"பின்ன? எங்க ரத்தத்தக் கழுவுன தண்ணிய எங்களுக்கே ஃபிளஷ் பண்ண விடுறியா?"

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? கண்ணு இருக்கு லா." ஊசி ஏறிய கையை அசைக்க முடியாமல் முகவாயால் காட்டினார். அவர் கையிலிருந்து இயந்திரத்துக்குப் போகும் குழாயில் ரத்தம் சிவப்பாக ஓடியது. கழிவறைச் சுவரில் ஏறும் குழாயும் அதே சிவப்பு.

நசீர் தலையில் கை வைத்துக்கொண்டார். வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் அந்தச் சிவப்பையே பார்த்துக் கிடப்பவர்களுக்கு அது வேறெதைச் சொல்லும்?

சிகிச்சை முடிந்ததும் அவரைத் தண்ணீர் அறைக்கு அழைத்துப் போனார். "பாருங்க அங்கிள், மிஷினுக்கு வர்றதுக்கு முன்னாடியே இது பிரிஞ்சிடுது. உங்க கிட்ட வந்துட்டுப் போற தண்ணி, அந்தச் சாம்பல் குழாய்ல நேரா சாக்கடைக்கு."

எழுத்தர் வாய்ச்சொல்லை நம்பவில்லை. குழாயின் மேல் விரலை வைத்து, சுவர்வரை ஒருமுறை, திரும்பி ஒருமுறை, தொடர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார், "இது முன்னாடி எவ்வளவு வீணாப் போயிட்டிருந்திச்சு?"

நசீர் கணக்கைச் சொன்னார்.

"எனக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் குடிக்க விடுறாங்க, ரசத்தையும் சேத்து. ஐஸ் கட்டிய வாயில ஒதுக்கிக்கிட்டுப் பொழுத ஓட்டுறேன். நீ நாலாயிரம் லிட்டர ஓட விட்டியா?"

"விட்டேன் அங்கிள். அதான் இப்பப் புடிக்கிறேன்."

"அப்ப மொதல்ல அந்தப் பெயின்ட்ட மாத்து. மஞ்சள் வேணாம், அது வேற எதையாவது ஞாபகப்படுத்தும்."

வியாழனன்று குழாய் ஊதா நிறமானது. 'குடிக்க வேண்டாம்' என்று நாட்டின் நாலு ஆட்சி மொழியிலும் எழுதி ஒட்டினார்.

வெள்ளியன்று வினுஷா நாற்காலிகளுக்கு நடுவே வந்து நின்றார். இராஜரத்தினம் அதற்குள் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் பிரச்சாரத்தை முடித்திருந்தார். "தொட்டி இருக்கட்டும்கிறவங்க கை தூக்குங்க," என்றார் வினுஷா. ஒரு கையில் ஊசி, மற்றக் கைகள் உயர்ந்தன. பதின்மூன்று. இரண்டு பேர் தூக்கத்தில் இருந்தார்கள்.

விழித்திருந்தும் கை தூக்காத கமலாம்பிகை மட்டும் நசீரை எச்சரித்தார்: "பாத்ரூமுக்கு ஓகே. வாசல் துளசிக்கு ஊத்தின, தொலைச்சிடுவேன். உப்பு வேரக் கருக்கிடும்."

"ஊத்த மாட்டேன் ஆன்ட்டி, சத்தியமா."

அவர் கையும் உயர்ந்தது.

"சரி, கழற்ற வேணாம்," என்றார் வினுஷா.

நசீர் தண்ணீர் அறைக்குத் திரும்பினார். சற்று நேரத்தில் தொட்டியின் அளவுக்குழாயில் நீர்மட்டம் ஒரு விரற்கடை இறங்கியது. யாரோ போயிருக்கிறார்கள்.