மழைநாள் கணக்கு

என் அக்கா கணவர் போக்குவரத்துத் திட்டம் போடுபவர். முதலாளிகளைப் பார்க்கப் போனால் செருப்போடு முதுகெலும்பையும் வாசலில் கழற்றி வைத்துவிடுவார்.

கடலோர உல்லாச விடுதி ஒன்றை அதன் முதலாளி புதுப்பித்தபோது, இவர் கொட்டும் மழையில் போய் அங்கு நின்ற கார்களை எண்ணினார். கார் நிறுத்த இவ்வளவு இடம் வீண் என்று எழுதிக் கொடுத்தார். அதில் பாதி நீச்சல் குளமானது.

திறப்பு விழாவில் அவருக்குக் கேடயம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்காகவே கோட்டு தைத்துக்கொண்டார். எங்களை வாசலில் இறக்கிவிட்டுக் காரை நிறுத்தப் போனவரை, மேடையில் பெயர் சொல்லி அழைத்தபோதும் காணவில்லை. அக்கா போன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"சுத்திக்கிட்டே இருக்கேன். ஒரு இடமும் காலியில்ல."

"மழை வர்ற வரைக்கும் சுத்துங்க. கேடயத்த நானே வாங்கிக்கிறேன்."

அக்கா மேடையேறினாள். நாங்கள் பலமாகக் கைதட்டினோம்.