சிவசக்தி வீட்டுச் சுடுதண்ணி

2003இல் இலங்கையின் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த சிவசக்திக்கு அது கர்ப்பத்தின் ஆறாம் மாதம். மலையேறினால் மூச்சு வாங்கும், கண் இருட்டும். ரத்தம் பார்க்க டவுனுக்குப் போனால் ஒரு நாள் வேலை போய்விடுமே என்று தள்ளிப்போட்டாள்.

ஒரு நாள் மருத்துவிச்சி யோகமலர், கைக்கடக்கமான கருவியோடு கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே வந்துவிட்டார். விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். ஒரே நிமிடத்தில் ஹீமோகுளோபின் எண் தெரிந்தது: ஏழு புள்ளி ஆறு.

"குறைஞ்சது பதினொண்டு இருக்கவேணும். இரும்புக் குளிசை போடுறனீங்களோ?"

"ஒரு நாள் விடாம முழுங்குறேங்க மிஸ்."

"எதோட?"

"தேத்தண்ணியோடதாங்க. வேற எதோட?"

யோகமலர் தலையில் கை வைத்தார். தேத்தண்ணி இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்று சிவசக்திக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. அன்றிலிருந்து குளிசைக்கு வெறும் சுடுதண்ணிதான். இரண்டு மாதத்தில் அதே கருவி பத்தைத் தாண்டிக் காட்டியது. மகள் கொழுகொழுவென்று பிறந்தாள்.

யோகமலர் மாற்றலாகிப் போய் வருடங்களாகிவிட்டன. பிள்ளைத்தாய்ச்சி யார் வீட்டுக்கு வந்தாலும் சிவசக்தி சுடுதண்ணியைத்தான் நீட்டுவாள். "குடி, மொகத்தச் சுளிக்காத. அந்த மிஸ் நல்லாயிருக்கணும்" என்பாள்.

அத்தனை தேயிலைக்கு நடுவில், பிள்ளைத்தாய்ச்சி கேட்டாலும் தேத்தண்ணி கிடைக்காத ஒரே வீடு அதுதான்.