கோட்டுக்கு அந்தப் பக்கம் மாமியார்

நியூஹேவன் துறைமுகத்தில் ஏமஸ் ஏக்ஹர்ஸ்ட் மாதிரி வீம்பு பிடித்த நண்டுக்காரனை நான் பார்த்ததில்லை. மழை வராது என்று ஒருமுறை சொல்லித் தொலைத்துவிட்டு, கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்தபடி நண்டுக் கூண்டு கட்டிக்கொண்டிருந்தவன் அவன்.

அவன் கல்யாண விருந்தில் மாமியார் மேபல் டப்பன் சபையறியச் சொன்னாள்: "மாப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடியே மீன் நாத்தம் வந்துடுச்சு!" ஏமஸ் குவளையை மேசைமேல் டொக்கென்று வைத்தான். "இனி பூஜ்யக் கோட்டைத் தாண்டி மேற்கே என் படகு மூக்கைக்கூட நீட்டாது!"

மேபலின் வீடு மேற்கே, சால்ட்டீன் குன்றின்மேல். உலகத்தைக் கிழக்கு, மேற்கு என்று பிரிக்கிற பூஜ்ய தீர்க்கரேகை, அந்தப் பாழாய்ப்போன கோடு, எங்களுக்கும் அவளுக்கும் நடுவில்தான் கடலில் இறங்குகிறது. படுக்கைவசமாகப் போகிற அட்சரேகைகளால் எங்களுக்குத் தொல்லையில்லை. வடக்கிலிருந்து தெற்கே இறங்கும் தீர்க்கரேகைதான் வம்பு. மற்ற ஊர்க்காரன் டிகிரியையும், அதில் அறுபதில் ஒரு பங்கான நிமிஷத்தையும் சொன்னால் போதும், அவன் கடல் முழுக்க ஒரே பக்கம். நாங்கள் கிழக்கா மேற்கா என்றும் சொல்லியாக வேண்டும். ஒரே எண் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறதே!

ஏமஸ் அன்றிலிருந்து மாமியார் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அப்படித்தான் நாங்கள் நம்பினோம்.

போன வசந்தத்தில் ஒரு காலை, தெற்குக் காற்று பேயாக வீசியது. கரையில் கட்டியிருந்த என் படகின் ரேடியோ கரகரத்தது. ஏமஸ்தான்.

"பெர்ட், எஞ்சின் படுத்துடுச்சு. காத்து என்னைப் பாறைப் பக்கம் தள்ளுது. சீக்கிரம் வா!"

"எங்கடா இருக்க?"

அட்சரேகையைச் சுத்தமாகச் சொன்னான். அப்புறம், "பூஜ்யம் டிகிரி, நாலு நிமிஷம்."

"கிழக்கா, மேற்கா?"

அவன் ரேடியோவை டக்கென்று வைத்துவிட்டான். ரேடியோ சத்தம் கேட்டு ஏமஸின் பெண்டாட்டி பாலின் ஓடிவந்து படகில் குதித்தாள். "கிழக்குதான் பெர்ட்! செத்தாலும் எங்கம்மா வீட்டுப் பக்கம் அவர் போகமாட்டார்!"

கிழக்கே திருப்பினேன். கண்ணுக்கெட்டிய வரை வெறும் அலைதான். பாலின் அழுதுகொண்டே ரேடியோவைப் பிடுங்கினாள்.

"ஏங்க, பாறையில மோதிச் சாகப் போறீங்களா? எந்தப் பக்கம்னு வாயைத் திறந்து சொல்லித் தொலைங்க!"

"துறைமுகமே கேட்டுக்கிட்டிருக்கும்டி…"

"கேக்கட்டும்!"

"மேற்கு," என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு அலறினான்: "மேற்கு! மேற்குடி!"

படகை ஒடித்துத் திருப்பி முடுக்கினேன். சுண்ணாம்புப் பாறை கைக்கெட்டும் தூரத்தில் வந்த பிறகுதான் அவன் படகில் கயிறு மாட்டினோம். அவனுடைய சிவப்புப் படகு நிறைய நண்டு.

"எங்கம்மா வாசல்லயா கூண்டு போட்டீங்க?" என்றாள் பாலின்.

"நண்டுக்கு உங்கம்மாவைப் பிடிச்சிருக்கு. நான் என்னடி பண்றது?"

கரைக்கு வந்ததும் பாலின் முதல் வேலையாக அம்மாவுக்குப் போன் போட்டு, அவர் அங்கே வந்து நண்டு பிடிப்பது தெரியுமா என்று கேட்டாள். மேபலின் குரல் எனக்கே கேட்டது.

"தெரியாம என்ன? எத்தனையோ வருஷமா அந்தச் சிவப்புப் படகை ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டுதானே இருக்கேன். இன்னிக்கு ரொம்பக் கிட்ட வந்தான். சரி, பேச வர்றான்னு டீக்குத் தண்ணி வெச்சேன். எங்கடி அவன்?"