மாட்டுங்காவில் ஓர் இடம்

மும்பை செம்பூரில் என் மகனுக்கு இடம் கேட்டிருந்த பள்ளியின் வாசலில் பாயைச் சந்தித்தேன். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். செல்போன் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருப்பார்.

அவர் மகளுக்கு அங்கே இடம் கிடைத்துவிட்டது. என் மகன் காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். ஆனால் அவர் விரும்பியது மாட்டுங்காவில் ஒரு பள்ளியை. அங்கே அவர் மகளும் காத்திருப்பில்தான் இருந்தாள்.

“அங்க யாராச்சும் வேண்டாம்னா நான் போயிருவேன். நான் போனா ஒங்க பையனுக்கு எடம். கவலப்படாதிய அண்ணே,” என்றார்.

அன்றிலிருந்து என் மகனைவிட அவர் மகளுக்காகத்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

ஜூன் தொடக்கத்தில் பள்ளியிலிருந்து போன் வந்தது. ஓர் இடம் காலியாம். அவருக்கும் சேர்த்துப் பேடா வாங்கிக்கொண்டு ஓடினேன். பள்ளி வாசலிலேயே நின்றிருந்தார். போன் சட்டைப் பையில் இருந்தது.

“மாட்டுங்கா கெடைச்சிருச்சா பாய்?”

“இல்லண்ணே. அந்த லிஸ்ட் நகரவே இல்ல. நாங்க இருக்க கட்டடத்த இடிக்கப் போறாவ. டோம்பிவிலிக்குப் போறோம். சின்னப் புள்ள அங்கேருந்து ரயில்ல வர முடியாதுல்லா? அதான் இந்த எடத்தயும் வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன்.”

“அந்த லெட்டரத் தபால்ல அனுப்பியிருக்கலாமே, எதுக்கு அலைச்சல்?”

“அனுப்புனா மேசையில கெடக்கும். ஒங்களுக்குப் போன் போடுற வரைக்கும் ஆபீஸ்லயே நின்னேன்.”

பேடாப் பெட்டியை எங்கே மறைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவரே திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். மகளுக்கென்று இன்னொன்றைக் காகிதத்தில் மடித்துக்கொண்டார்.