எடின்பரோவுக்குத் தனியாகப் போன நாள்

லண்டனில் நாங்கள் எங்கே போனாலும் வான் வண்டியில்தான் போவோம். செவன் கிங்ஸில் எங்கள் வீட்டு வாசலில் வான் வந்து நிற்கும்; மச்சாள் குடும்பம், அவளுடைய தங்கை குடும்பம், பின்னால் இடியப்பப் பெட்டி, சம்பல், தேத்தண்ணீர்ப் போத்தல் எல்லாம் ஏறும். விண்ட்சர் கோட்டைக்கு இரண்டு தரம் போயிருக்கிறேன். இரண்டு தரமும் நான் நன்றாகப் பார்த்தது வான் நிறுத்திய இடத்தைத்தான். பிள்ளைகளுக்குப் பசித்துவிடும், பெரியவர்களுக்குக் கால் நோகும், கோட்டையின் முன்னால் வரிசையாக நின்று படம் பிடித்ததும் யாராவது ஒருவர் ட்ராபிக் வரப்போகிறது என்பார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் இடியப்பம் பிய்ந்துபோன கதைதான் எங்களிடம் இருக்கும்.

நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பள்ளிக்கூடத்தில், ஆசிரியர் அறைச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. அந்த மாதத்துப் படம் எடின்பரோக் கோட்டை. செங்குத்தான கறுப்புப் பாறை, அதன் தலையில் கோட்டை. இவ்வளவு உயரத்தில் இருந்தவர்கள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது. மாதம் முடிந்து தாள் திரும்பிய பிறகும் அது போகவில்லை. மே மாத விடுமுறையில் ஒரு நாள் தனியாகப் போய்ப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். வான் வேண்டாம், சாப்பாட்டுப் பெட்டி வேண்டாம். ஒரே ஒரு நாள், எனக்குப் பிடித்த இடத்தில் எனக்குப் பிடித்த மட்டும் நின்று பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"நடக்கிற வேலையெண்டா என்னை விடும்," என்று சொல்லிவிட்டு என் கணவர் ரயில் டிக்கெட் எடுத்துத் தந்தார். மச்சாள்தான் தொலைபேசியில் குரலைத் தாழ்த்தினாள். "ஏன் தனிய? அவரோட ஏதும் கொழுவலோ?" எங்கள் ஆட்களுக்குள் ஒரு பெண் தனியாகப் பயணம் போவதற்கு மூன்று காரணங்கள்தான் உண்டு: ஆஸ்பத்திரி, செத்தவீடு, புருசனோடு சண்டை. பார்க்கப் போகிறேன் என்றால் நாலாவது காரணம் ஒன்றை மறைக்கிறாள் என்று நினைப்பார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

காலை ரயிலில் போய் இறங்கினேன். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கலண்டர் படம் உயிரோடு நின்றது. நேரே ஏறிப் போனேன். கோட்டைக்குள் கிணறு இருந்தது! பாறையைக் குடைந்து ஆழமாக இறக்கிய கிணறு. ஒரு முற்றுகையின்போது குண்டு விழுந்து அது தூர்ந்துபோக, உள்ளே இருந்தவர்கள் தவித்துப்போனார்கள் என்று பலகையில் எழுதியிருந்தது. அந்தப் பலகையை முதலில் இருந்து கடைசிவரை வாசித்தேன், பிறகு இன்னொரு தரம் வாசித்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. யாருக்கும் பசிக்கவில்லை. கிணற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

அங்கிருந்து கடற்பக்கமாகச் சரிந்து இறங்கும் பழைய பெருந்தெருவில் நடந்தேன். அதன் இரு பக்கமும் ஆள் ஒருவர் போகக்கூடிய ஒழுங்கைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் நுழைந்து பார்த்தேன். கல்லால் கட்டிய மாடிவீடுகள், ஒன்றின்மேல் ஒன்றாக வானம் தெரியாமல். முந்தின காலத்தில் மேல்மாடிக்காரர் அழுக்குத் தண்ணீரைச் சன்னலால் கீழே ஊற்றுவார்களாம். அப்படியானால் பணக்காரர் எந்த மாடியில் இருந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு ஒரு ஒழுங்கையால் வெளியே வந்தேன்.

அப்போது வெடித்தது.

நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தபோது ஒரு கடைச் சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தேன், இரண்டு கையும் தலைக்குமேல். வாய் திறந்திருந்தது. சண்டைக் காலத்தில் ஷெல் குண்டு விழும்போது வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று ஊரில் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். தெருவில் மற்ற எல்லோரும் நிமிர்ந்து நின்று தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பயப்பிடாதையுங்கோ அக்கா," என்று தலைக்குமேல் தமிழ் கேட்டது. "ஒரு மணிக்கு நேரம் சொல்லுறதுக்கு கோட்டையில பீரங்கி அடிக்கிறவங்கள். நானும் வந்த முதல் கிழமை பால் பெட்டி அடுக்குக்குப் பின்னால படுத்தனான்."

பத்திரிகை, பால், வெள்ளைக்காரருக்குக் கட்டம் போட்ட சால்வை எல்லாம் விற்கும் அந்தக் கடையின் முதலாளி அவர். என் நிறத்தை வைத்து இந்தியா என்று நினைத்திருக்கலாம், வங்காளம் என்று நினைத்திருக்கலாம். குந்திய விதத்தைப் பார்த்துத்தான் யாழ்ப்பாணம் என்று கண்டுபிடித்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணீர் தந்தார். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். பிறகு தெருவை எட்டிப் பார்த்தார்.

"அண்ணை எங்க நிக்கிறார்?" என் கணவரைத்தான் கேட்டார்.

"லண்டனில."

"அப்ப ஆரோட வந்தனீங்கள்?"

"தனியத்தான். இடம் பாக்க வந்தனான்."

அவருடைய முகம் மாறியது. நல்ல மனிதர், அதனால்தான் மாறியது. வீட்டைவிட்டு வெளிக்கிட்டு வந்த பெண், வெடிச்சத்தத்துக்கு நடுங்குகிறாள், அழுகிறாள். அவர் வேறு என்ன நினைப்பார்? மேல்மாடியில் இருந்த மனைவியிடம் என்னை ஏற்றிவிட்டுப் போனார். அவள் என்னைவிடப் பத்து வயதாவது இளையவள், அதிகம் பேசாதவள். சோறும் மீன்குழம்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் போட்டாள். சாப்பிட மாட்டேன் என்று சொல்ல ஏலுமா? லண்டனில் இருந்து அவ்வளவு தூரம் தப்பி வந்தவள், கடைசியில் சாப்பாட்டுப் பெட்டியின் கையில் அகப்பட்டுக்கொண்டேன்.

நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் கீழே அவர் லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து, அவர் இன்னொருவருக்கு எடுத்து, என் ஊரையும் பள்ளிக்கூடத்தையும் வைத்து என் கணவரைப் பிடித்துவிட்டார்கள். என் கைத்தொலைபேசி அடித்தது.

"என்ன, என்னை விட்டிட்டு ஓடிப்போட்டீராம்?" என் கணவர் சிரித்துச் சிரித்து இருமினார். "உம்மைப் பத்திரமா வைச்சிருக்கினமாம். நான் யோசிக்கக்கூடாதாம்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"கால் நோகும் வரைக்கும் நடக்க விடுங்கோ, தானா வருவா எண்டனான்."

அவள் சமைத்த அந்தக் குசினியின் சன்னலால் ஒரு மலை தெரிந்தது. நகரத்துக்கு நடுவே, வீடுகளின் முதுகுக்குப் பின்னால், பச்சையாகவும் பாறையாகவும் ஒரு முழு மலை. சிறு சிறு மனிதர்கள் அதில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பின்னேர ரயிலுக்கு முன்னம் நான் அதில் ஏற வேண்டும் என்றேன். கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. அண்ணை சொன்னாலும் தனியாக விட ஏலாது, மனிசி கூட வருவா என்றார். எனக்குக் கோபம் வந்தது. என்னுடைய நாளில் பாதி ஏற்கெனவே சோற்றோடு போய்விட்டது, மீதிக்கும் காவல் போடுகிறார். மறுப்பதற்குள் அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

ஏறும்போது அவள் பேசவே இல்லை. மச்சாளாக இருந்திருந்தால் அடிவாரத்திலேயே மூன்று கலியாணப் பேச்சு முடிந்திருக்கும். காற்று எங்களைத் தள்ளியது. புல் முடிந்து பாறை வந்த இடத்தில் நான் மூச்சு வாங்க நின்றேன், அவள் நிற்கவில்லை. உச்சியில் போய்ச் சேர்ந்தபோது அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் கோட்டை, மறு பக்கம் கடல், நடுவில் நகரத்துப் புகைக்கூடுகள். என் கோபம் எல்லாம் அந்தக் காற்றோடு போய்விட்டது.

"நீர் இஞ்ச அடிக்கடி வாறனீரோ?" என்று கேட்டேன்.

"இண்டைக்குத்தான் முதல்." அவள் திரும்பவில்லை. "கலியாணம் கட்டி வந்த நாள் தொடக்கம் குசினிக்குள்ள நிண்டு பாக்கிறன். கடை பூட்டுற நாள் ஒருநாளைக்குப் போவம் எண்டு இவர் சொல்லுவார். அண்டைக்கு ஆரும் ஆக்கள் வந்திடுவினம்." பிறகு கேட்டாள். "தனியப் போனா எப்பிடி அக்கா இருக்கும்?"

"முதல் பயமா இருக்கும். பிறகு, எல்லாத்தையும் கூட நேரம் நிண்டு பாப்பீர்."

அவள் தலையாட்டினாள். சால்வையை இறுக்கிக் கட்டினாள்.

"நீங்கள் வந்த பாதையால இறங்குங்கோ அக்கா, ரயிலுக்கு அதுதான் கிட்ட. நான் அந்தப் பக்கத்தால சுத்தி வாறன்."

"கடையில கேட்டா நான் என்ன சொல்ல?"

"பாத்துக்கொண்டு நிக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. மறுபக்கச் சரிவில், பாறைக்குப் பாறை கால் வைத்து, ஒரு இடத்தில் நின்று எதையோ குனிந்து பார்த்து, பிறகு மெல்ல இறங்கினாள். அவளைப் பின்தொடர வேண்டும்போல எனக்கு இருந்தது. நான் போகவில்லை.

கீழே கடைக்காரர் கல்லாவைவிட்டு எழுந்து வந்தார். "இவ எங்க அக்கா?"

"மேல பாத்துக்கொண்டு நிக்கிறா."

அவர் வாசலுக்கு வந்து, கட்டடங்களுக்கு மேலால் மலை இருந்த திசையைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, உண்மையாகவே விளங்கவில்லை.

"அங்க பாக்கிறதுக்கு என்ன அக்கா இருக்கு?"

"அவ வந்த பிறகு கேளுங்கோ," என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு நடந்தேன். அவர் கேட்கவேண்டும், அவள் பார்த்ததைத் தனக்கென்றே வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் விடவேண்டும் என்று மனதார விரும்பினேன்.